கொலுப்படியும் பூனைக்குட்டியும்

நவராத்திரிக் கொலுவைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் படிகளின் எண்ணிக்கையையும் பொம்மைகளின் வரிசையையும் ஒன்பது நாள் நைவேத்தியங்களையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். ஆயின், அந்தக் கொலுவை வீட்டிலுள்ள எவரைக்காட்டிலும் கூர்ந்து கவனிக்கும் ஜீவன் ஒன்று கூடத்து மூலையில் குந்தியிருக்கிறது என்பதையும், அதன் கால்களிலிருந்து பொம்மைகளைக் காப்பாற்ற நம் குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட உபாயங்கள் கொலுவின் சரித்திரத்தில் ஓர் அங்கம் என்பதையும் நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆடி மாதக் கடைசியில் கண் திறந்த குட்டி, மகாளய அமாவாசையன்று படி கட்டும் வேளைக்கு ஏழெட்டு வாரப் பிராயம் எய்தி, தாயின் வாலோடும் உடன்பிறந்தவற்றோடும் மட்டுமே விளையாடிய நிலை மாறி, உருளுவது, தொங்குவது, அசைவது என்று கண்ணிற்பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கும் பருவத்தில் வந்து நிற்கிறது; வருஷத்தில் வேறெந்த நாளிலும் வீட்டில் காணக் கிடைக்காத அத்தனை சிறு பொருள்களும் அதே வாரத்தில்தான் அதன் முன்னே படிப்படியாக அடுக்கப்படுகின்றன.

கொலுவின் பூர்விகத்தைத் தேடுவோர் விஜயநகரத்தைக் காணாமல் திரும்ப முடியாது. ஹீராத்திலிருந்து ஷாருக் மன்னரின் தூதராக வந்து 1443-ஆம் ஆண்டில் அந்நகரின் மகாநவமி விழாவைக் கண்ணாரக் கண்ட அப்துர் ரசாக், மைதானத்தில் மூன்றும் நான்கும் ஐந்துமாக அடுக்குகள் கொண்ட மண்டபங்கள் எழுப்பப்பட்டிருந்ததையும், அவற்றின் அடிமுதல் முடிவரை மனிதர், மிருகம், பறவை என்று தொடங்கி ஈ, கொசு ஈறாக சகல ஜீவராசிகளின் உருவங்களும் அமைந்திருந்ததையும் வியந்து எழுதிவைத்தார். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, அங்கு வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பாயஸ் ஒன்பது நாள் உற்சவத்தின் மல்யுத்தங்களையும் நடனங்களையும் குதிரை அணிவகுப்பையும் வர்ணித்தார். அடுக்கடுக்காகக் குறுகி உயரும் மகாநவமி மேடை இன்றும் ஹம்பியில் நிற்கிறது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அந்த சாம்ராஜ்யம் நிலைகுலைந்த பின்னர், 1610-இல் மைசூரின் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவ்விழாவைத் தொடர்ந்து நடத்தத் தொடங்கினார். தெற்கே நாயக்கர்களின் அரண்மனைகளிலும் ராமநாதபுரம் சேதுபதிகளின் சமஸ்தானத்திலும் நவராத்திரி அரச விழாவாகவே நடந்தது. ஈயும் கொசுவும் உட்பட சர்வ ஜீவன்களுக்கும் இடமளித்த அந்த அரசக் கொலுவின் சாயலை நம் வீட்டுக் கூடத்துப் படிகளிலே காண்பது கடினமன்று. இதனோடு, தேவி மாகாத்மியத்தின் இறுதியில் சுரதன் என்ற அரசனும் சமாதி என்ற வைசியனும் ஆற்றங்கரையில் மண்ணால் தேவியின் உருவம் செய்து பூஜித்த வரலாறும் சேர்ந்து, மண் பொம்மைக்கு நவராத்திரியில் ஒரு தனி மதிப்பைத் தந்துவிட்டது.

பூனையும் இந்த மண்ணுக்குப் புதியதன்று. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் 7-ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்திப் பின்கால்களில் நின்று தவம் புரியும் பூனையும் அதன் அடியில் நிர்ப்பயமாகத் திரியும் எலிகளும் இருப்பதைப் பார்க்காதவர் சிலரே. எலித் தொல்லையை ஒழிக்கக் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும் அதன் பாலுக்காக ஒரு பசுவும் கொடுத்தார் என்று தெனாலிராமன் கதையில் வருவது சரித்திரமாகாது. எனினும், நெல்லும் துணியும் ஓலைச் சுவடியும் நிறைந்த வீட்டில் பூனை எதற்காக வளர்க்கப்பட்டது என்பதற்கு அக்கதையைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. கொலுப் பொம்மைகளின் விஷயத்தில் இந்த உண்மை மிகவும் முக்கியமானது. ஏன் என்பதைப் பொம்மைகள் எவற்றால் ஆனவை என்று பார்த்தபின் சொல்கிறேன்.

முதலில் மரப்பாச்சி. திருப்பதி மலைச்சாரலில் விளையும் செம்மரத்தில் கடைந்தெடுத்த ஆணும் பெண்ணுமான அந்த ஜோடி, பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பிறந்தகத்தார் கொடுத்தனுப்பும் சீர்களுள் ஒன்றாகி, அவள் புக்ககத்தில் வைக்கும் முதல் கொலுவுக்கு மூலமாக அமைந்தது. குழந்தை கடித்தாலும், படியிலிருந்து விழுந்தாலும், வெள்ளத்தில் நனைந்தாலும் மரப்பாச்சிக்கு ஊறு நேர்வதில்லை. குட்டி அதைத் தட்டி உருட்டினால், உருண்ட இடத்திலிருந்து எடுத்துப் புடவையைச் சரிசெய்து மறுபடி நிறுத்தினால் தீர்ந்தது. மரப்பாச்சி மட்டுமே கொலுவாக இருந்த வீட்டில் பூனைக்குட்டியால் ஒரு கவலையும் இருந்திராது என்றே கருதுகிறேன்.

கவலை மண்ணோடு வந்தது. கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியும், மதுரைக்கருகில் திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியும், காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவும் தமிழ்நாட்டுக் கொலுப் பொம்மைகளின் தாயகங்கள். களிமண்ணைக் குழைத்து, முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமான இரண்டு அச்சுகளில் அழுத்தி, இரு பாதிகளையும் ஈரம் காயுமுன் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கண்ணை எழுதுவார்கள். உள்ளே கூடாக இருப்பதால் பொம்மை பார்வைக்குக் கனமாகவும் கைக்கு இலேசாகவும் இருக்கும். அந்த இலேசுதான் அபாயம். இரண்டாவது படியிலிருந்து ஒரு குட்டி தன் முன்காலால் மெல்லத் தள்ளினால் போதும். தனிப் பொம்மை உடைந்தால் அந்த வருத்தம் ஒரு நாளோடு போய்விடும். ஆனால் தசாவதார வரிசையில் வாமனனின் தாழங்குடை முறிந்தால் பத்து அவதாரமும் குறைபட்டதாகிறது. வேறு பட்டறையில் வாங்கிய வாமனன் உயரத்தில் பொருந்த மாட்டான், உயரம் பொருந்தினால் நீலம் பொருந்தாது. பின்னமான உருவத்தைப் படியில் வைக்கலாகாது என்ற நியமமும் உண்டாதலால், முறிந்த வாமனன் வாழை மரத்தடிக்கோ கிணற்றடிக்கோ போக, மிஞ்சிய ஒன்பதுபேரின் நடுவே ஒரு வெற்றிடத்தை வீட்டார் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மண்ணுக்குப் பிறகு காகிதக்கூழ். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து மாவுப் பசையோடு பிசைந்து அச்சில் வார்க்கும் இந்தப் பொம்மைகள் விழுந்தால் நொறுங்குவதில்லை. மூக்கு சற்று நசுங்கும், அவ்வளவே. பூனைக்குட்டியுள்ள வீட்டுக்கு இதைவிட உகந்தது இல்லை என்று தோன்றும். ஆனால் காகிதக்கூழுக்கு வேறொரு சத்துரு உண்டு. அந்த மாவுப் பசையின் வாசனைக்கு எலியும் கரப்பானும் வரும். ஆண்டில் பத்து நாள் படியில் வீற்றிருக்கும் பொம்மை, மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பரண்மேல் இருட்டில் கிடக்கிறது. புரட்டாசியில் பெட்டியைத் திறந்தால் தெய்வத்தின் திருமுகம் அரிக்கப்பட்டுத் துணியும் நூல்நூலாகக் கிடக்கும் காட்சியைக் கண்டு கண்கலங்கிய பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் பரணில் இரவெல்லாம் நடமாடி, பத்து நாள் போக மற்ற நாளெல்லாம் பொம்மைகளுக்குக் காவல் நின்றது எது? எந்தப் பிராணியைக் கொலுப் படிக்கு அருகில் வரவிடாமல் விரட்டினார்களோ, அதே பிராணிதான். நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தார்கள். ஆகையால்தான் கொலுவில் பூனை செய்த நஷ்டத்துக்காக அதை ஊர் கடத்திவிட வேண்டும் என்று அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. "அதை அடிக்காதேடி, அதுக்கு இதெல்லாம் புதுசு. ரெண்டு நாள் பார்த்தா தானே போயிடும்" என்பதே எங்கள் வீட்டுப் பாட்டியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் காருண்யம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது.

பழைய வீட்டின் அமைப்பும் இதில் சம்பந்தப்படுகிறது. ரேழியைக் கடந்தால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதை ஒட்டிக் கூடம் என்ற வீட்டில் கூடத்துக்குக் கதவே கிடையாது. வானத்திலிருந்து மழையும் ஓட்டின் வழியே பூனையும் தடையின்றி உள்ளே இறங்கின. கதவு போட்டுத் தடுக்க வழியில்லாத காரணத்தால்தான் அடுக்கும் முறையிலேயே தற்காப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. அரிசி டின், டிரங்குப் பெட்டி, பலகை, மணை ஆகியவற்றை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்து, அதன் நுனி எங்கும் தொங்காதபடி பெட்டிக்கடியில் இறுகச் செருகுவார்கள்; தொங்கும் நுனியைக் குட்டி பிடித்து இழுத்தால் ஒரு படியே சரிந்துவிடும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். சிறு பொம்மைகளின் அடியில் பிசைந்த களிமண் உருண்டையோ மெழுகோ வைத்து அழுத்துவதும், கூடான பொம்மைகளின் வயிற்றில் மணலை நிரப்பித் துணியால் அடைப்பதும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. இரவில் விளக்கு மலையேறியபின் கொலுவின் முன்னே பழைய புடவையைத் திரையாகக் கட்டுவதுண்டு. விருந்தினர் வந்து பாட்டும் சுண்டலும் நடக்கும் மாலை வேளையில் மட்டும், கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கேட்டு வாங்கிவந்து, குட்டியை அதனுள்ளே ஒரு கிழிந்த துணியோடும் ஒரு கொட்டாங்கச்சிப் பாலோடும் வைப்பார்கள். அதன் கண்ணிகளின் வழியே அதுவும் கொலுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

படிகளின் கீழே தரையில் அமைக்கும் சோலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பூனைக்குட்டிக்கும் கொலுவுக்கும் நேர்ந்த கலகங்களில் பெரும்பாலானவை அங்கேதான் நிகழ்ந்தன. ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, கேழ்வரகும் கடுகும் வெந்தயமும் நாலு நாள் முன்பே விதைத்துப் பசும்புல்லாக முளைக்கவைத்து, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, அதன்மேல் ஒரு காகிதத் தெப்பமும் கரையில் செட்டியார் கடையும் வைத்துப் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமன்று. பூனையோ, தோண்டக்கூடிய உலர்ந்த மணலைக் கண்டால் அதைத் தன் உபயோகத்துக்காகவே யாரோ வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளும் இயல்புடையது. காலையில் பார்த்தால் முளைகள் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கும். செட்டியாரின் பருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் புதிய மணற்குவியல் ஒன்று எழுந்திருக்கும். அதனடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இராது. இதற்குக் கண்ட பரிகாரம் இரண்டு. ஒன்று, சோலையின் மணலை எப்போதும் நன்றாக நனைத்து மேலே கூழாங்கல் பரப்புவது. மற்றொன்று, கொல்லைத் தாழ்வாரத்தில் பழைய மூங்கில் தட்டு நிறைய உலர்ந்த மணலைக் குட்டிக்கென்றே வைத்துவிடுவது. இரண்டையும் ஒருசேரச் செய்தவர்களின் சோலை விஜயதசமி வரை பசுமையாக நின்றது. பிராணிக்கு வேண்டியதை வேறிடத்தில் கொடுத்து, வேண்டாத இடத்தைச் சௌகரியமற்றதாக்கும் இந்த முறையையே இக்காலத்து விலங்கு நூலறிஞர்களும் உபதேசிக்கிறார்கள்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் குட்டி சந்திக்கும் வேளையை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும். குட்டி முதலில் பின்னங்கால்களைத் தரையோடு அழுத்தி, இடுப்பை இருமுறை அசைத்து, பாய்ந்து ஓர் அறை கொடுக்கிறது. அடிப்பாகம் வட்டமாகவும் கனமாகவும், மேற்பாகம் காகிதக்கூழால் இலேசாகவும் அமைந்த அந்த ராஜா சாய்ந்து, உடனே நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்கிறார். குட்டி ஒரு முழம் பின்வாங்கி, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, பொம்மையின் ஆட்டம் முழுவதும் அடங்கும்வரை அசையாமல் நின்று பார்க்கிறது. ஆட்டம் நின்றதும் கவனமும் நின்றுவிடுகிறது. பூனையைக் கவர்வது உருவமன்று, அசைவே. அசைந்தால் இரை, அசையாவிடில் வெறும் பொருள். இதை உணர்ந்த தஞ்சைப் பகுதி வீடுகளில் பழைய தலையாட்டி ஒன்றைப் படியிலிருந்து தள்ளித் தூண் ஓரமாகக் குட்டியின் கைக்கென்றே விட்டுவைத்தார்கள். கழுத்து தனித்து ஆடும் நர்த்தகிப் பொம்மையை மட்டும் மேற்படிக்கு ஏற்றினார்கள்.

வங்காளத்தில் இதே நாட்களில் நடக்கும் துர்கா பூஜையை நோக்கினால் பூனைக்கு அங்கே கிடைத்திருக்கும் ஸ்தானம் நம்மை ஆச்சரியப்படுத்தும். குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு அங்கே பூனையே வாகனம். ஆறாம் திதியான சஷ்டியின் பெயரால் துர்கா சஷ்டி என்று வழங்கும் நாளும் அங்கே உண்டு; அத்தேவியின் பெயரும் அத்திதியின் பெயரே. சஷ்டி விரதக் கதையில், வீட்டின் இளைய மருமகள் தானே பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டுக் குற்றத்தைப் பூனையின்மேல் போடுகிறாள். பூனை தேவியிடம் முறையிட, மருமகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்துபோகிறார்கள். அவள் உண்மையை ஒப்புக்கொண்டு பூனையையும் தேவியையும் வணங்கிய பிறகே அவர்கள் திரும்பக் கிடைக்கிறார்கள். விழா வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமற்போனாலும் முதல் குற்றவாளி பூனைதான் என்று முடிவுகட்டும் மனித சுபாவத்தை அந்தக் கதையைச் சொன்ன பெண்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறார்கள்!

இதுவரை சொன்னதெல்லாம் பூனையிடமிருந்து பொம்மையைக் காப்பாற்றிய கதை. நூற்றாண்டு மாறி, அலங்காரப் பொருள்கள் மாறியபோது, காப்பாற்றப்பட வேண்டியது எது என்பதே மாறிவிட்டது. மாவிலையும் தென்னங்குருத்தும் தோரணமாக இருந்தவரை குட்டி அதைக் கடித்தால் தோரணம்தான் கெட்டது. பிறகு வந்த ஜிகினாச் சரமும், பிளாஸ்டிக் பூமாலையின் நைலான் நூலும், பரிசுப் பொட்டலத்தின் ரிப்பனும் அப்படிப்பட்டவை அல்ல. பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் உள்ளன. வாய்க்குள் புகுந்த நூலை அது துப்ப நினைத்தாலும் முட்கள் உள்ளேயே தள்ளும். அவ்வாறு போன நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுக்க, குடல் முழுதும் அந்த நூலின்மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி அறுபடும். அறுவைச் சிகிச்சையின்றிப் பிழைப்பது அரிது. வாயிலோ பின்புறத்திலோ நூலின் நுனி தெரிந்தால் அதைப் பிடித்து இழுத்துவிடலாகாது, உள்ளே குடல் கிழியும். குட்டியைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மேல்நாட்டார் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் ஜிகினா இழை ஒரு காலத்தில் ஈயத்தாலேயே செய்யப்பட்டு, 1972-ஐ ஒட்டி அமெரிக்காவில் அரசாங்கத்தின் தலையீட்டினால் நின்றது. அதனிடத்தில் வந்த பிளாஸ்டிக் இழையில் ஈய விஷம் இல்லையே தவிர, பூனையின் குடலுக்கு அது முன்னதைவிட எவ்வகையிலும் நல்லதாகவில்லை.

மின்விளக்குச் சரமும் அங்கிருந்து வந்ததே. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்துக்கு 80 சிறு விளக்குகளை ஏற்றினார். அந்த வழக்கம் உலகெங்கும் பரவி, நம் கொலுவின் அகல் விளக்கின் பக்கத்தில் சீரியல் விளக்காக வந்து அமர்ந்திருக்கிறது. விட்டுவிட்டு எரியும் விளக்கைக் குட்டி இரை என்றே கருதும். பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் மூன்று நான்கு மாதப் பருவத்தில் மெல்லிய ஒயரைக் கடிக்கும் தினவும் அதற்கு மிகுதி. ஆகவே ஒயரைப் படிக்குப் பின்புறமாகச் சுவரோடு ஒட்டி ஓட்டுவதும், யாரும் கூடத்தில் இல்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவைப்பதும் சௌகரியத்தைப் பொறுத்த விஷயமல்ல, கட்டாயம்.

நவராத்திரி முடிந்த கையோடு விளாச்சேரிக் குயவர்கள் அதே சூளையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகளைச் சுடத் தொடங்குகிறார்கள். அந்தக் குடிலில் விரிக்கும் வைக்கோல் பூனைக்குட்டிக்கு மார்கழிக் குளிரில் உகந்த படுக்கை. குழந்தை ஏசுவின் பக்கத்தில் சுருண்டு தூங்கும் குட்டியைக் கண்டு எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பத்தார் பொம்மைகளைத்தான் சற்று ஒதுக்கிவைத்தார்கள். குட்டியை எழுப்பவில்லை.

இன்று கூடத்துக்குக் கதவு வந்துவிட்டது, பஞ்சாரம் போய்விட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரும்புப் படியும் சிறு குட்டியும் ஒருசேர இருக்கும் வீடுகளில் பழைய முறைகளில் எவை செல்லும் என்று என்னைக் கேட்டால், இரண்டைச் சொல்வேன். பொம்மைகளை ஏற்றுவதற்கு ஒருநாள் முன்பே வெறும் படிகளைக் கட்டி வைத்து, குட்டியை அதில் ஏறி இறங்கி முகர்ந்து பார்க்க விட்டுவிடுவது ஒன்று. பாட்டி சொன்ன இரண்டு நாள் கணக்கு இதனால் பொம்மைக்குச் சேதமின்றித் தீர்ந்துபோகும். மாலையில் விருந்தினர் வருமுன் ஒரு கோலின் நுனியில் துணிப்பந்தைக் கட்டிக் குட்டியைக் களைக்கும்வரை ஓடவிட்டு, உடனே வயிறார உணவிடுவது மற்றொன்று. வேட்டையாடி, உண்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது பூனையின் இயற்கைக் கிரமமாதலால், முதல் இரண்டும் முடிந்த குட்டி மற்ற இரண்டையும் தானே செய்துகொள்ளும். ஆரஞ்சுத் தோலைப் படியோரம் வைத்தால் அண்டாது என்று சொல்வோர் உண்டு. சில குட்டிகளிடம் அது பலிக்கிறது. கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் அதற்காகத் தெளிப்பது மட்டும் கூடவே கூடாது, அவை பூனைக்கு விஷம்.

விஜயதசமி இரவு மரப்பாச்சியையோ வேறொரு பொம்மையையோ படுக்கவைத்துக் கொலுவை முடித்து, மறுநாள் ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து, துணியில் சுற்றி, கனமானவை அடியிலும் காகிதக்கூழ் மேலுமாகப் பெட்டியில் அடுக்கி, இடையிடையே காய்ந்த வேப்பிலையைத் தூவுவது வழக்கம். ரசகற்பூர உருண்டையை இதற்குப் பயன்படுத்துவோர் பூனையுள்ள வீட்டில் அதைக் கைவிட்டு வேப்பிலைக்கே திரும்புவது நலம். அடுக்கும் வேலை பாதியில் நிற்கும்போது, திறந்த பெட்டியும் அதனுள் மெத்தென்ற பழந்துணியும் குட்டிக்கு இதைவிடச் சிறந்த இடம் வீட்டில் இல்லை என்று தோன்றச் செய்யும்; ஆகையால் மூடியைச் சாத்திப் பூட்டுமுன், துணிகளைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, குட்டி வெளியே எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டபிறகே பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டும்.